தளத்துக்கும் ஒரு மூடாக்கு

மண்ணைப் பரிசோதிக்காமல் மூட்டை உரம் வாங்கிக் கொட்டாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லி வருகிறோம். மண்ணில் என்ன இருக்கு, என்ன குறையுது என்று தெரியாமல் செலவு செய்தால் காசும் போகும், மண்ணும் போகும். ஆனால் இந்த நியாயத்தை நாம் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் பார்ப்பதில்லை. சித்திரை வெயில் நாலு நாள் கொளுத்தினால் போதும், நேராக டவுனுக்குப் போய்த் தவணையில் ஒரு ஏசி வாங்கி மாட்டிவிடுகிறோம். வெப்பம் எந்த வழியாக உள்ளே வருது, கரண்ட் எந்த வழியாக வெளியே போகுது என்று ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்ப்பது கிடையாது.

இப்படி உட்கார்ந்து பார்ப்பதற்குப் பெயர்தான் எரிசக்தித் தணிக்கை. 2001-ஆம் ஆண்டு வந்த எரிசக்தி சேமிப்புச் சட்டப்படி, அதிகமாக எரிசக்தி செலவழிக்கும் பெரிய ஆலைகள் தேர்வு எழுதித் தகுதி பெற்ற தணிக்கையாளரைக் கொண்டு கணக்குப் பார்க்க வேண்டும். நம் வீட்டுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. வரவும் வேண்டாம். ஒரு நோட்டு, சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி, விநாடி முள் உள்ள கடிகாரம், ஓர் ஏணி. இது போதும். எங்கள் வீட்டிலும், கேட்ட சிலர் வீடுகளிலும் செய்து பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வீட்டுத் தணிக்கை என்று படிக்கக் கிடைப்பதில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே வீட்டுக்குள் மூட்டிய சூடு கதவிடுக்கு, சன்னலிடுக்கு வழியாகத் தப்பிப் போவதுதான் கவலை. வாசற்கதவில் பெரிய விசிறியைப் பொருத்திக் காற்றை உறிஞ்சி, எங்கே ஒழுகுது என்று தேடுவார்கள். நமக்குக் கதை தலைகீழ். சூடு வெளியே போகவில்லை என்பதுதான் நம் பாடு. இடுக்கை அடைக்கிற வேலை ஏசி போட்ட அறைக்கு மட்டும் பொருந்தும்.

நம் ஊர் வெயிலின் போக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில், கோவை, ஈரோடு பக்கம் 18, 19 தேதிகளில், சென்னையில் 24 வாக்கில் உச்சிப்பொழுதில் நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது. பிறகு ஆகஸ்ட் வாக்கில் இன்னொரு முறை. அதாவது கோடை முழுக்க வெயில் நம் தலைக்கு மேலே இறங்குகிறது. சுவரில் சாய்ந்து விழுவது காலையில் கிழக்கிலும் மாலையில் மேற்கிலும்தான். தெற்குச் சுவரில் சித்திரை, வைகாசியில் வெயில் பெரும்பாலும் படுவதே இல்லை. தனி மாடி இல்லாத நம் வீடுகளுக்குச் சூடு வருகிற பெரிய வாசல் கூரை. அதற்கு அடுத்தது மேற்குச் சுவர். சன்னல் எல்லாம் அதற்குப் பிறகு.

அதனால் நம் தணிக்கை சுவிட்ச் போர்டில் தொடங்கக் கூடாது, மொட்டை மாடியில் தொடங்கணும்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒரு மாசிக் கடைசியில் வந்து கேட்டார். "தம்பி, ஆத்தாளுக்கு ராத்திரியில தூக்கமே இல்ல. நடுச்சாமத்துல எந்திரிச்சு வாசல்ல உக்காந்துக்குது. ஏசி ஒன்னு போட்ரலாம்னு இருக்கறன். கரண்டு பில்லு எவ்வளவு வரும்னு மட்டும் கணக்குப் போட்டுச் சொல்லு."

"ஒரு வாரம் பொறுங்கண்ணா. மொதல்ல அந்த ரூமை அளந்து பாத்துரலாம்" என்றேன்.

ஆத்தாளுக்கு எண்பதை நெருங்குகிற வயது, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர். வயதானவர்களுக்குப் பகல் வெயிலைவிட இரவுப் புழுக்கம் பொல்லாதது. பகலில் ஏறிய சூடு இரவிலும் இறங்காவிட்டால் உடம்புக்கு ஓய்வே கிடைக்காது. அதனால் ஏசி வேண்டாம் என்று எடுத்த எடுப்பில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அளந்துவிட்டுத்தான் பேச முடியும்.

அளப்பது எளிது. பிற்பகல் மூன்று மணி, இரவு ஒன்பது மணி, விடியற்காலை ஐந்து மணி என்று மூன்று வேளை. ஒவ்வொரு வேளையிலும் மூன்று இடம்: வெளியே மரத்து நிழல், அறையின் நடுவே கட்டில் உயரம், அடுத்து ஏணி போட்டு மேல்தளத்தின் அடிப்பக்கம். வெப்பமானியை ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடமாவது வைக்கணும். காய்ச்சல் பார்க்கும் நெற்றி வெப்பமானி இதற்கு ஆகாது, அது உடம்புச் சூட்டு அளவோடு நின்றுவிடும்.

ஆத்தாள் அறையில் கிடைத்தது இது. மூன்று மணிக்கு வெளியே நிழலில் 38, அறையில் 35, தளத்தின் அடியில் 39. ஒன்பது மணிக்கு வெளியே 30, அறையில் 35, தளத்தில் 39. ஐந்து மணிக்கு வெளியே 25, அறையில் 31, தளத்தில் 33.

இரவு ஒன்பது மணி வரிசையைத் திரும்பப் படியுங்கள். வெளியே எட்டு டிகிரி இறங்கிவிட்டது. அறை ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. தளம் அப்படியே நிற்கிறது. ஐந்து அங்குலக் கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு அதை மெதுவாகத்தான் கீழே விடும். நாம் படுக்கப் போகும் நேரம் பார்த்து அது கக்குகிறது. கீழே சுற்றும் காற்றாடி அந்தச் சூட்டை இறக்கி நம் மேலே வீசுகிறது. காற்றாடி அறையைக் குளிர்விப்பதில்லை, நம் வியர்வையை உலர்த்தி உடம்பைத்தான் குளிர்விக்கிறது. காற்றே 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் அதுவும் நடக்காது, உடம்புக்குச் சூடுதான் ஏறும்.

இந்த அறையில் ஏசி போட்டால் அது ஆத்தாளைக் குளிர்விப்பதற்கு முன்னால் தளத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு 5 யூனிட் என்று குறைத்து வைத்தாலும் 60 நாளைக்கு 300 யூனிட். அண்ணன் வீட்டில் ஏற்கெனவே இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்தால் 680. கட்டணம் எப்படித் தாவும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மாடிக்கு ஏறிப் பார்த்தால் தளம் கன்னங்கரேல் என்று கிடந்தது. மேலே இன்னொரு மாடி எழுப்பலாம் என்ற எண்ணத்தில் தட்டோடு பதிக்காமல் விட்டிருக்கிறார். நம் ஊரில் பாதி வீடு இப்படித்தான், பத்து வருடம் கழித்தும் மாடி எழும்பியிருக்காது. பாசி காய்ந்து கருத்த சிமென்ட் தளம் தன் மேல் விழும் வெயிலில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக வெள்ளையடித்த தளம் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்டத் திருப்பி அனுப்பிவிடும். நாம் மண்ணுக்கு மூடாக்கு போடுகிறோம், வெயில் நேரடியாகப் பட்டால் மண் செத்துப்போகும் என்று தெரியும். தலைக்கு மேலே இருக்கும் தளத்தை மட்டும் வெறும் உடம்போடு வெயிலில் போட்டு வைத்திருக்கிறோம்.

சுண்ணாம்பு அடிக்கும் முறை பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான், என்றாலும் எழுதி வைக்கிறேன். தளத்தைக் கூட்டி, பாசியைச் சுரண்டி, கழுவிக் காயவிடணும். விரிசல் இருந்தால் முதலில் அதை அடைக்கணும். சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் பெரிய தொட்டித் தண்ணீரில் போட்டால் கொதித்து எழும்பும். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பிளாஸ்டிக் வாளியும் தாங்காது. ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்காக அரிசிக் கஞ்சியோ பசையோ கலந்து, மட்டையாலோ பிரஷ்ஷாலோ அடிக்கணும். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது. மூன்று பூச்சு இருந்தால் நல்லது. மாசியில் அடித்தால் சித்திரைக்குத் தயார். மழையில் கரையும், தூசி படிந்து மங்கும், எனவே வருடா வருடம் அடிக்கணும். மாடித் தண்ணீரைக் குடிக்கச் சேமிப்பவர்கள் அடித்த பிறகு வரும் முதல் ஒன்றிரண்டு மழையை வெளியே விட்டுவிடுங்கள். கடையில் விற்கும் வெள்ளைக் கூரைப் பெயின்ட் கூடுதல் நாள் நிற்கும், விலையும் கூடுதல்.

இதைவிட நல்லது நிழல். தளத்துக்கு மேலே ஏழடி உயரத்தில் தென்னங்கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ போட்டால் வெயில் தளத்தைத் தொடவே தொடாது. இடையில் காற்றும் ஓடும். ஆடிக் காற்றுக்கு இழுத்துக் கட்டியிருக்கணும், அவ்வளவுதான். மாடித்தோட்டம் வைப்பவர்கள் பைகளை நடுத்தளத்தில் குவிக்காமல் சுவரும் உத்திரமும் ஓடும் வரிசையில் வையுங்கள். நனைந்த மண்ணின் எடை சாமானியம் அல்ல. தளத்தின் மேல் நேரடியாக மண் கொட்டி வளர்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நீர்க்கசிவுக்குத் தனியாகச் செலவு செய்தவர்களுக்குத்தான் அது.

மேற்குச் சுவருக்குச் செடியே போதும். சுவரில் இருந்து ஓர் அடி தள்ளிப் பந்தல்கால் நட்டு, கோவைக்காயோ அவரையோ ஏற்றிவிடலாம். கோவைக்காய் ஒரு முறை பிடித்தால் வருடக்கணக்கில் நிற்கும், வீட்டுக்குக் காயும் ஆச்சு. இடம் இருந்தால் மேற்கே ஒரு புங்கன் வைத்துவிடுங்கள்.

அண்ணன் வீட்டில் சுண்ணாம்பு மூன்று பூச்சு அடித்தோம். ஆத்தாள் கட்டிலை மேற்குச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டோம். பகலில் சன்னலைச் சாத்தி வைத்து, சூரியன் இறங்கியதும் இரண்டு பக்கமும் திறந்துவிடச் சொன்னேன். வெளிக்காற்று உள்ளே வரவும் சூடு மேலே போகவும் வழி வேண்டும் என்று அடைத்துக் கிடந்த மேல் சாளரத்தையும் திறந்தோம். கிட்டத்தட்ட அதே வெயில் அடித்த ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்குத் திரும்ப அளந்தபோது தளத்தில் 34, அறையில் 32. "இப்பத்தான் காத்தாடிக் காத்து காத்து மாதிரி வருது" என்றார் ஆத்தாள். ஏசி வாங்குவதை அண்ணன் அந்த வருடம் தள்ளிப்போட்டார்.

எல்லா ஊருக்கும் இதே பலன் கிடைக்கும் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் இரவில் வெளியே குளிர்ந்துவிடும், சன்னலைத் திறந்தால் லாபம். கடலோரத்தில் இரவிலும் இறங்காத புழுக்கம். அங்கே முடியாதவர்கள், கைக்குழந்தைகள் இருந்தால் ஏசி தேவைப்படலாம். அப்போதும் முதலில் கூரை, பிறகு ஏசி. கூரையைச் சரி செய்த அறைக்குச் சின்ன ஏசி போதும், அதுவும் கொஞ்ச நேரம் ஓடினால் போதும்.

தகரக் கூரை, சிமென்ட் அட்டைக் கூரை வீடுகளின் நிலைமை இன்னும் மோசம். நம் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் பலர் அதற்கு அடியில்தான் படுக்கிறார்கள். அந்தக் கூரை சூட்டைத் தேக்கி வைக்காது, உடனே கீழே இறக்கிவிடும். மேலே வெள்ளை அடித்து, உள்ளே ஓர் அடி இடைவெளி விட்டுப் பனை ஓலைப் பாயோ மூங்கில் தட்டியோ கட்டினால் பகலில் உள்ளே உட்காரவாவது முடியும். அடுப்பு இருக்கும் பக்கம் ஓலை வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் அட்டையாக இருந்தால் காய்ந்த நிலையில் தேய்க்கவோ துளை போடவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

இனி கரண்ட் கணக்கு. இதற்கு மின்வாரியம் நம் வீட்டுச் சுவரிலேயே ஒரு கருவியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறது. இப்போதைய மின்னணு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். முகப்பில் 3200 அல்லது 1600 போல ஓர் எண்ணும், பக்கத்தில் ஆங்கிலத்தில் 'இம்ப்' என்றும் அச்சிட்டிருக்கும். 3200 என்றால் அந்த விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். 60,000-ஐ அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். 3200-க்கு 18.75 வரும். ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணி 18.75 ஆல் பெருக்கினால், அந்த நேரம் வீட்டில் ஓடும் வாட் கிடைத்துவிடும்.

மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு பழைய காற்றாடியை மட்டும் முழு வேகத்தில் ஓட விடுங்கள். நிமிடத்துக்கு நாலு சிமிட்டல் வந்தால் அது 75 வாட். இப்போது கடையில் கிடைக்கும் பிஎல்டிசி காற்றாடி 30 வாட் அளவில் ஓடும், ஐந்து நிமிடத்துக்கு எட்டுச் சிமிட்டல்தான் வரும். மீட்டர் பெட்டியைத் திறக்கவோ ஒயரைத் தொடவோ வேண்டியதில்லை. தள்ளி நின்று பார்த்தால் போதும். என் மகள் இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் அத்தனை சாமானையும் எண்ணி நோட்டில் எழுதிவிட்டாள்.

இதில் முக்கியமான சோதனை ஒன்று. மெயின் சுவிட்ச் மட்டும் போட்டிருக்க, மற்ற எல்லா சுவிட்சும் நிறுத்தி, பிரிட்ஜ், இன்வெர்ட்டர், டிவி பெட்டி எல்லாவற்றையும் பிளக்கோடு பிடுங்கிவிடுங்கள். பத்து நிமிடம் மீட்டரைப் பாருங்கள். சிமிட்டல் வந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது. பழைய வீடுகளில் சுவருக்குள் ஒயர் நைந்து, மழைக்காலத்தில் சுவரே ஷாக் அடிப்பது இதனால்தான். இது காசுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. உடனே எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, எர்த் சரியாக இருக்கா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அணைந்துவிடும் பாதுகாப்பு சுவிட்சைப் போடச் சொல்லுங்கள்.

கசிவு இல்லை என்றால் பிடுங்கியதை ஒவ்வொன்றாக மாட்டி எண்ணுங்கள். டிவியை ரிமோட்டில் நிறுத்தி, கேபிள் பெட்டி விழித்துக்கொண்டே இருக்கும் வீட்டில் பத்து வாட் ஓடினால்கூட இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். வயதான இன்வெர்ட்டர் பேட்டரி சும்மாவே கரண்டைக் குடித்துச் சூடாகிக்கொண்டிருக்கும், தொட்டாலே தெரியும். பிரிட்ஜ் ஓடி ஓடி நிற்பதால் அதை ஒரு நிமிடத்தில் எண்ண முடியாது. ராத்திரி மற்றதெல்லாம் நிறுத்தி மீட்டர் எண்ணைக் குறித்து, காலையில் திரும்பப் பார்க்கணும். கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போச்சு. அடுப்புக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி வைத்த பிரிட்ஜைத் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

மேல்தொட்டி மோட்டாரை மறந்துவிடாதீர்கள். தோட்டத்து மோட்டாருக்குக் கரண்ட் இலவசம் என்பதால் மோட்டார் என்றாலே கணக்குப் பார்க்கும் பழக்கம் நமக்கு விட்டுப்போச்சு. வீட்டு மோட்டார் வீட்டு மீட்டரில்தான் ஓடுகிறது. தொட்டி நிரம்ப முன்பு அரை மணி ஆனது, இப்போது ஒரு மணி ஆகிறது என்றால் கிணற்று மட்டமும் காரணமாக இருக்கலாம், தேய்ந்துபோன இம்பெல்லரும் காரணமாக இருக்கலாம். ஒழுகும் குழாய்க்கும் சேர்த்துத்தான் அது ஓடுகிறது. கறுப்புத் தொட்டி வெயிலில் இருந்தால் சாயங்காலக் குளியலுக்கு ஹீட்டர் தேவையே இல்லை.

மூன்று பழைய காற்றாடி நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 189 யூனிட். முப்பது வாட் காற்றாடியில் அதே ஓட்டம் 76 யூனிட். எந்தக் காற்றாடி அதிகம் ஓடுகிறதோ அதை மட்டும் மாற்றுங்கள். விருந்தாளி அறையில் மாதத்துக்கு இரண்டு நாள் ஓடுவதை மாற்றினால் போட்ட காசு உங்கள் காலத்தில் திரும்பாது. 'எல்லாத்தையும் மாத்திருங்க' என்று சொல்கிறவர் பெரும்பாலும் கடைக்காரராக இருப்பார்.

இந்த யூனிட்டுகள் ஏன் முக்கியம் என்றால், வீட்டுக் கட்டணம் படிக்கட்டு போல ஏறுகிறது. 2025-இல் இருந்த கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500-க்குள் நின்றால் 101-இல் இருந்து 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய்தான் இருந்தது. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகைப் படி போய்விட்டது. அந்த ஒரு யூனிட்டுக்காக 200 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் அண்ணன் வீட்டு 380 யூனிட்டுக்கு வந்தது 1,080 ரூபாய் போல. ஏசியோடு 680 ஆகியிருந்தால் 3,600-க்கு மேல். யூனிட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பணம் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. ஆகவே உங்கள் அட்டையில் கடைசி ஆறு கணக்கெடுப்பை எடுத்து, எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். 520, 540 என்று வருகிறவர்களுக்கு ஒரே ஒரு காற்றாடியை மாற்றுவதே பெரிய லாபம்.

மாடியில் சோலார் போடலாமா என்று பலர் கேட்கிறீர்கள். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம். ஒரு கிலோவாட் பலகை நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், 60 நாளைக்கு 240. மேலே சொன்ன தணிக்கையைச் செய்துவிட்டு 400 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கிலோவாட், மிஞ்சினால் ஒன்றரை. மூன்றுக்கு மானியம் அதிகம் என்று விற்க வருகிறவர் சொல்வார். மீதிப் பணத்தை நாம்தான் கடன் வாங்கிக் கட்டணும். பலகையை ஆள் குனிந்து போகும் உயரத்துக்குத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். அதன் நிழல் தளத்தில் விழும், அடியில் காற்று ஓடும், வருடா வருடம் அடியில் சுண்ணாம்பும் அடிக்கலாம்.